பேஸ்போல் அண்ணை கொடுத்த கோப்பை

லண்டனில் கிரிக்கெட்டைத் துளியும் மதிக்காத ஒரே தமிழர்தான் எங்கள் கிங்ஸ்பரி கிரிக்கெட் அணியின் பரிசுக் குழு. குழு என்றால் அவர் ஒருவர் மட்டும். சிறந்த வீரரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற பத்துப் பேரோடும் பகை. அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அவரை எல்லோரும் பேஸ்போல் அண்ணை என்பார்கள். உண்மைப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

அமெரிக்க பேஸ்போலில் ஆண்டுதோறும் மிக மதிப்புமிக்க வீரருக்கு 'எம்.வி.பி.' என்றொரு விருது உண்டு. பெரும்பாலும் அடித்து நொறுக்கியவர்கள்தான் வாங்குவார்கள். அண்ணையின் நாயகர்கள் வேறு வகை: மட்டை பிடித்தால் சுமார், ஆனாலும் விருது வாங்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எனக்குப் போன் போட்டு அவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர் குரல் பக்கத்து வெம்ப்ளிவரை கேட்கும்.

"அவன்ர அடி சுமார்தான். ஆனா அவனைத் தாண்டி ஒரு பந்து போகேல்லை! குடுத்தாங்களோ இல்லையோ?"

"ஆமாண்ணே, கொடுத்தாங்க" என்பேன். நான் மதுரைக்காரன். ஒத்துக்கொள்ளாமல் தப்ப முடியாது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

மரக்கறிக் கடைக்கும் தோல் கையுறையோடுதான் போவார். கடைக்காரர் எதையும் எடுத்துத் தரக்கூடாது, எறிய வேண்டும். பூசணிக்காய் வேண்டுமென்றால் மட்டும் அண்ணியே போவார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவருக்கு அன்றைய எம்.வி.பி., எல்லோருக்கும் கார் நிறுத்த இடம் பிடித்துக் கொடுத்தவர்.

போன கோடையில் அந்தக் கிறுக்கு எங்கள் அணிக்குள் புகுந்தது.

எங்கள் விக்கெட் கீப்பர் குகன் அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் பத்து ரன்னைத் தொடவில்லை. அடுத்த வருடம் அவனைக் கழற்றிவிடுவது என்று கப்டன் சிவா முடிவுசெய்திருந்தான். அது குகனுக்கும் தெரியும். "இதுதான் என்ர கடைசி மட்ச்" என்று சொல்லிக்கொண்டே, பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குக் காலில் பேட் கட்டினான். முதல் பந்திலேயே அவுட்.

எதிரணிக்குக் கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். அடிக்க வந்தவன் இறங்கி வந்து மட்டையை வீசினான், பந்தைத் தவறவிட்டான். குகன் பந்தைப் பிடித்ததும் ஸ்டம்பைத் தட்டியதும் ஒரே அசைவு. வென்றோம்! எல்லோரும் ஓடிப்போய்ப் பந்துவீசியவனைத் தூக்கினார்கள். குகன் குனிந்து விழுந்த ஸ்டம்பை நட்டுக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே பரிசளிப்பு. அந்தப் பருவத்தில் அதிக ரன் எடுத்தவன் சிவா. பரிசு வாங்கத் தலைகூட வாரிவிட்டான். அண்ணை எழுந்தார்.

"எம்.வி.பி... குகன்!"

"அண்ணை, உங்களுக்கு விசரே? அவன் எத்தினை ரன் அடிச்சவன்?" என்று சிவா பாய்ந்தான்.

"அடிச்சதை விடு. இந்த வருசம் அவனுக்குப் பின்னால பந்து பொறுக்க ஒருக்கா எண்டாலும் ஓடினனியே?"

ஒருமுறையும் ஓடாத சிவா, வாரிய தலையைத் தானே கலைத்துக்கொண்டான்.

அண்ணை கோப்பையை நீட்டினார். கடையில் கீப்பர் பொம்மை இல்லையாம். மேலே நின்ற பொம்மையின் மட்டையைக் குறட்டால் பிடுங்கிவிட்டிருந்தார். முழங்கால் மடிந்து, இரண்டு கையும் நீண்டு, அது அச்சு அசலாகப் பந்துக்குக் காத்திருக்கும் குகன். சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் நீர். குகன் மட்டும் சிரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, அடுத்த வருசமும் வரட்டே?"

பதில் சொன்னது சிவா. "வராமல் எங்கை போகப்போறாய்?"

அண்ணை துள்ளிய துள்ளலில் தேநீர் மேசை சாய்ந்தது.

எனக்கு பேஸ்போல் இன்னும் விளங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை அவருடைய போன் வராவிட்டால், நானே கூப்பிட்டுவிடுகிறேன்.