கயிற்றை விடத் தெரியாத மாப்பிள்ளை

சூலூர்
வியாழன்

கொச்சித் துறைமுகத்தைத் தினமும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதாலேயே கடல் நிபுணர் ஆகிவிட்ட என் மரியாதைக்குரிய அண்ணன் இளம்பரிதி அவர்களுக்கு, தங்கை மதிவதனி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், நவ்யா, உங்கள் மாப்பிள்ளை, படகு ஆகிய நால்வரும் நலம். அங்கு அண்ணி நலமாக இருக்க வேண்டும். நீங்கள் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

"படகு எப்படிப் போகுது அம்மணி" என்று வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் பொம்மையோடு நீங்கள் கேட்டிருந்ததற்குத் தாமதமாகப் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஃபோனில் கூப்பிட்டால் உங்கள் மாப்பிள்ளை பிடுங்கிக்கொள்கிறார், பிறகு நீங்கள் இருவரும் காற்றின் திசையைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் இட்லிக்கு மாவாட்டி வழித்து வைத்துவிட்டு வந்தாலும் அதே காற்றுதான் அடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கடிதம்.

நீங்கள் அனுப்பிய வரைபடத்தை வைத்து, போர்வெல்லுக்கு மோட்டார் மாட்டுகிற உங்கள் மாப்பிள்ளை எங்கள் போர்ட்டிகோவில் பாய்மரப் படகு கட்டி முடித்துவிட்டார். கார் தெருவில் வெயில் காய்கிறது. பாய்க்குத் துணி வாங்குங்கள் என்றால், நவ்யா காதுகுத்துக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனரே போதும் என்று வெட்டித் தைத்துக்கொண்டார். ஆகவே பாய் முழுக்கத் தாய்மாமனாகிய நீங்கள்தான், கூலிங் கிளாஸோடு. மிச்சமிருந்தது பாய்க்கயிறு. பாயின் அடிக்கட்டையிலிருந்து கப்பிகள் வழியாக இறங்கி ஓட்டுகிறவர் கைக்கு வரும் கயிறு அது. இழுத்தால் பாய் உள்ளே வரும், தளர்த்தினால் வெளியே போகும், காற்று ஓங்கி அடித்தால் உடனே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் படகு கவிழும். இது உங்கள் வரைபடத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது, படித்தது நான் ஒருத்திதான் போல. கப்பிக்காக என் துணிக்கொடியைக் கழற்றினார், அன்றிலிருந்து ஈரத்துணியெல்லாம் சோபாவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கயிறு, மோட்டாரைக் குழிக்குள் தொங்கவிடும் நைலான் கயிறு. அதோடாவது நின்றிருக்கலாம். அதன் நுனியை உட்காரும் பலகையோடு சேர்த்துத் தன் பேர்பெற்ற முடிச்சைப் போட்டுவிட்டார். அவர் கட்டிய மோட்டார் எதுவும் இதுவரை குழிக்குள் விழுந்ததில்லை என்று சுற்றுவட்டாரமே சொல்லும். அவிழாததுதான் அந்த முடிச்சின் பெருமை.

போன ஞாயிறு குளத்தில் இறக்கினார். ஆடிக்காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து கேட்பாரில்லாமல் வருகிற நேரம். பாய் உப்பியது, உங்கள் கன்னமும் உப்பியது, படகு கிளம்பியது. அடுத்த வீச்சிலேயே சாயத் தொடங்கியது. கயிற்றை விட வேண்டிய நேரத்தில் மனிதர் தன் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். கட்டியவர் என்ற சலுகையெல்லாம் முடிச்சு காட்டவில்லை. முதலில் உங்கள் மீசை முழுகியது, பிறகு கூலிங் கிளாஸ், பிறகு அவர். மார்பளவுத் தண்ணீர்தான் என்பதால் சேற்றில் எழுந்து நின்றார், தலையில் ஆகாயத்தாமரையோடு. கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நவ்யா, "அப்பா, இன்னொருக்கா" என்றாள். பக்கத்தில் நின்ற தோட்டத்துக்காரர் வெள்ளியங்கிரி, "ஏனுங்க கௌதமன், முடிச்சு அசையவே இல்லீங்களே, நம்ம மோட்டாருக்கும் இதையே போட்டுருங்க" என்றார். வீடு வரும்வரை உங்கள் மாப்பிள்ளை பேசியது அந்த ஆர்டரைப் பற்றித்தான்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு நவ்யாவுக்குப் பிறந்தநாள். அன்றைக்கு அவளைப் படகில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இனிமேல் முடிச்சே கிடையாது, கையில்தான் பிடிப்பேன் என்று சத்தியம் வேறு. நான் நம்பாமல் வாசலிலேயே பாயை ஏற்றச் சொல்லிச் சோதித்தேன். அவர் கயிறு பிடித்தார், நான் காற்று. அடிக்கட்டையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளி, "காத்து வந்துருச்சு, உடுங்க" என்றேன். அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காலை ஊன்றிவிட்டார். இன்னும் பலமாகத் தள்ளினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது, கயிறு மட்டும் நகரவில்லை. ஏனுங்க விட மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டால், சொல்கிறார்: "உட்டா மோட்டாரு உள்ள போயிருமில்ல புள்ள."

இப்படிப்பட்டவர் கையில் கயிற்றையும் பக்கத்தில் என் பிள்ளையையும் கொடுத்துவிட்டு, நான் கரையில் நின்று கைதட்ட வேண்டுமாம். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை, இதுவும் தூங்காத நேரத்தில் எழுதுவதுதான். கிண்டலாக எழுதுகிறேனே தவிர, பயமாக இருக்கிறது அண்ணா.

ஆகவே முந்தின நாள் சனிக்கிழமையே வந்து, உங்கள் வாயாலேயே படகை விறகாக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். வரவில்லையென்றால் பார்சலில் கொச்சிக்கு அனுப்பிவைப்பேன். உங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டில் ஏறுமா என்று அளந்து வையுங்கள். அண்ணிக்கு என் அன்பு. உங்களுக்கு, வரைபடம் அனுப்பியதற்கு எவ்வளவு தகுமோ அவ்வளவு மரியாதை.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் தங்கையாகவே இருக்கும்
மதிவதனி

பி.கு.: வெள்ளி மாலை. ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். பாரத்துக்கு ஆள் வேண்டும் என்று இன்றைக்கு என்னை ஏற்றிவிட்டார். அவர் கை புண்ணாக இருந்ததால் கயிறு என்னிடம் வந்தது. காற்று லேசாக இருமியதுமே பயந்துபோய் விட்டுவிட்டேன், சாய்ந்த படகு நிமிர்ந்துகொண்டது. மறுபடி இழுத்தேன், மறுபடி பயந்தேன், மறுபடி நிமிர்ந்தது. இப்படியே பயந்து பயந்து எதிர்க்கரை வரை போய்த் திரும்பிவிட்டோம். அதனால் நீங்கள் தடுக்க வர வேண்டாம், பார்க்க வாருங்கள். வரும்போது நவ்யா அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கி வாருங்கள். கயிறு என் கையில். அவர் முன்னால் உட்கார்ந்து நவ்யாவைப் பிடித்துக்கொள்வார். அவளை விடச்சொல்லி எந்தக் காற்று சொன்னாலும் கேட்க மாட்டார்.