அசல் இங்கிலீஷ் தோல்

சீமைக்குப் போய் வந்தவர்களில் உண்மை பேசுகிற ஒருவனை நான் இன்னும் பார்க்கவில்லை. குளிரைப் பற்றிப் பொய், துரைசானிகளைப் பற்றிப் பொய், அங்கே தங்களுக்குக் கிடைத்த மரியாதையைப் பற்றி மகா பொய். நானும் எட்டு மாதம் லண்டனில் இருந்தவன்தான். ஏன் திரும்பினாய் என்று ஆம்பூரில் யார் கேட்டாலும், "சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை" என்றே சொல்லி வருகிறேன். சீதோஷ்ணத்தின் மீது ஒரு குற்றமும் இல்லை. ஒரு நாற்காலியால் திரும்பி வந்தேன்.

என் தொழில் தோலைத் தரம் பிரிப்பது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமாகி வருகிற மாட்டுத் தோலைத் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது மூன்றாம் தரம் என்று அடுக்க வேண்டும். முதலில் புறங்கையால் தடவுவது, பிறகு கட்டைவிரல் நகத்தால் கீறுவது, சந்தேகம் தீரவில்லையென்றால் மோந்து பார்ப்பது. கண்ணை நம்பவே கூடாது. பன்னிரண்டு வயதில் கற்ற இந்தப் பழக்கம் பிறகு என் புத்தியைக் கேட்டுக்கொண்டு நடந்ததே இல்லை. கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவரின் செருப்பை என் கை தன்பாட்டுக்குப் போய்த் தடவும்.

மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் கொஞ்சம் இருந்ததால், என் முதலாளி சாயபு என்னை லண்டனுக்கு அனுப்பினார். எங்கள் சரக்கை அங்கே விற்றுக்கொடுக்கும் தரகர் ஹாப்கின்ஸ் துரையின் கிடங்கில் ஒரு வருஷம் சோதனை வேலை. துரைக்குப் பிடித்துவிட்டால் நிரந்தரம். மனைவி எஸ்தரையும் மகள் கிரேஸையும் அழைத்துக்கொள்ளலாம். என் பின்னால் வருஷத்துக்கு ஒருவராக இன்னும் நாலு பேரை அனுப்பவும் சாயபு கணக்குப் போட்டிருந்தார். எஸ்தர் அதுவரை காத்திருக்கவில்லை. நான் கப்பல் ஏறிய வாரமே தெருவில் பாதிப் பேரிடம் விடைபெற்று, அம்மியைத் தன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். (லண்டனில் அம்மி அரைத்தால் போலீஸ் வருமாம். யாரோ சொன்னார்களாம்.)

கப்பல் ஏறும்வரை நான் இந்தியன் என்பது எனக்குத் தெரியாது. ஆம்பூரில் நான் இன்னாருடைய மகன், இன்ன தெருக்காரன், கிறிஸ்தவ வேதக்காரன், சாயபுவின் ஆள். இன்னும் துருவினால் சாதியைக் கேட்பார்கள். தேசத்தைக் கேட்டவர் யாருமில்லை. லண்டனில் இறங்கிய அன்றே மற்றதெல்லாம் உதிர்ந்து வெறும் இந்தியனாகிவிட்டேன். மகாராஜாக்களுக்கு ஏன் இத்தனை பெண்டாட்டி என்று நான் குடியிருந்த வீட்டுக்காரி கேட்டாள். காந்தி ஏன் சட்டை போடுவதில்லை என்று டிராம் கண்டக்டர் கேட்டான். நான் மகாராஜாவையும் பார்த்ததில்லை, காந்தியையும் பார்த்ததில்லை. முப்பது கோடிப் பேர் சார்பில் ஒற்றை ஆளாக நின்று பதில் சொன்னேன். அத்தனையும் தப்பான பதில்.

தப்பாவது பரவாயில்லை. வெட்கங்கெட்ட பதில் என்பதுதான் உண்மை. எங்கள் ஜனங்கள் சோம்பேறிகள் என்று ஒரு வெள்ளைக்காரன் சொன்னால், "மகா சோம்பேறிகள்" என்று நான் ஒரு படி கூட்டிச் சொல்வேன். சோற்றை நினைத்து ராத்திரி அழுகிறவன், பகலில் "எங்கள் சாப்பாடா? வெறும் காரம்" என்று முகம் சுளிப்பேன். வட்டத் தொப்பி ஒன்று வாங்கி, அது என் காதுவரை இறங்கினாலும் கழற்றாமல் நடந்தேன். எதிரே இன்னொரு இந்தியன் வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். அவனும் அதே சமயத்தில் மறுபக்கம் வந்து சேருவான்.

வேலையில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. எட்டாவது மாதம், "ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வா" என்று துரை அழைத்தார். நிரந்தரம் செய்யுமுன் வீட்டில் வைத்து ஆளை ஒருமுறை பார்ப்பது அவர் வழக்கம் என்று கிடங்கில் சொன்னார்கள். நான் ஒரு வாரம் இரண்டு பென்சில்களை வைத்துக்கொண்டு கத்தி முள் பிடித்துப் பழகினேன்.

துரை வீட்டில் அவர் மனைவியும், நம் நாட்டில் பதினைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கர்னலும் இருந்தார்கள். பென்சில் என்னைக் கைவிடவில்லை. சாப்பாடு ஒழுங்காக முடிந்தது. மாட்டிறைச்சியை உப்பு உறைப்பில்லாமல் தின்றுவிட்டு, இப்படி ஒரு ருசியை என் வாழ்நாளில் கண்டதில்லை என்றேன். (அது உண்மைதான்.) பிறகு எல்லோரும் கணப்பருகே போனோம். செம்பழுப்பு நிறத்தில் பளபளவென்று பெரிய தோல் நாற்காலிகள். புதிதாக வாங்கியவை.

"இந்த வீட்டுக்குள் அந்நியச் சாமான் நுழையக்கூடாது என்பது என் விரதம்" என்றாள் துரைசானி. "இது சுத்தமான இங்கிலீஷ் தோல்."

நம் ஊரில் கதர் கட்டியவர்கள் பேசுகிற அதே பேச்சு. நான் பலமாகத் தலையாட்டினேன்.

"தொட்டாலே தெரிகிறதே" என்றார் கர்னல். "தோலுக்கும் குணம் உண்டு. இந்தியத் தோலை நம்ப முடியாது, ஆட்களைப் போலவே. என்ன சொல்கிறாய்?"

"ஆட்களைவிடத் தோல் கொஞ்சம் தேவலை" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நிமிஷம் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே நினைத்தேன். எஸ்தர் கப்பலில் வந்து இறங்குவதுகூடக் கண்ணில் தெரிந்தது.

"நீதான் கெட்டிக்காரன் என்று என் கணவர் சொல்கிறாரே, இந்தத் தோலைப் பார்த்துச் சொல்லேன்" என்றாள் துரைசானி.

அவள் கேட்குமுன்பே என் கை வேலையை ஆரம்பித்திருந்தது. நாற்காலிக் கையின் உள்பக்கம் புறங்கை ஓடியது. மெருகுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் கீறினேன். வட்டம். வட்டத்துக்குள் குறுக்கே இரண்டு கோடு. வேலூரை அடுத்த அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்தில் மாட்டுக்கு வயிற்று நோய் வந்தால், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி விலாவில் இழுப்பார்களே, அந்தச் சூடு! அந்தத் தழும்பால் தரம் இறங்கிப் போகிறதென்று பதினைந்து வருஷமாக நான் திட்டாத நாள் கிடையாது. சீமையில் ஒரு சொந்தக்காரனைப் பார்த்தது போல எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து நாற்காலியை மோந்தேன். ஆவாரம்பட்டை!

"இது எங்கள் ஊர்த் தோல், அம்மா" என்று கூவினேன். "ஆவாரம்பட்டையில் பதனிட்டது. அணைக்கட்டு மாடு. பாவம், வயிற்று நோய்க்குச் சூடு போட்டிருக்கிறார்கள்." அதோடு வாயை மூடியிருக்கலாம். தரம் சொல்லாமல் முடித்து எனக்குப் பழக்கமில்லை. "மூன்றாம் தரம்" என்றேன்.

துரைசானியின் முகம் நாற்காலியின் நிறத்துக்கு வந்தது. துரை ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

"நிச்சயமாகவா?" என்றார் கர்னல். அவ்வளவுதான் கேட்டார். மிரட்டக்கூட இல்லை.

என் மனத்தில் நிரந்தர வேலை ஓடியது, எஸ்தர் ஓடினாள், அக்கா வீட்டு அம்மி ஓடியது. மறுபடி குனிந்து அந்தத் தழும்பின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு சொன்னேன்: "மன்னிக்க வேண்டும். வெளிச்சம் போதவில்லை. இது அசல் இங்கிலீஷ் தோல்தான். இவ்வளவு உயர்ந்த தோல் எங்கள் நாட்டில் ஏது?"

துரைசானி எனக்கு மட்டும் இரண்டாம் முறை புட்டிங் வரவழைத்துக் கொடுத்தாள். கர்னல் முதுகில் தட்டினார். பிழைத்தேன் என்று வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை துரை என்னைத் தன் அறைக்கு அழைத்தார். "நீ முதலில் சொன்னது சரி. அந்தத் தோலை விற்றவனே நான்தான். மூன்றாம் தரம் என்பதும் சரி" என்றார். நான் பல்லைக் காட்டினேன். "தரம் பிரிக்கிறவனிடம் இருப்பது ஒரு சொல். எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்து அதை மாற்றுகிறவன் எனக்கு வேண்டாம். அடுத்த கப்பலில் போய்விடு."

தன் பெண்டாட்டியின் எதிரில் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைப் பார்த்த மனிதர் எனக்குச் சொன்ன உபதேசம் இது! அவர் வாயை மூடிக்கொண்டது நாகரிகமாம். நான் வாயை மாற்றியது அயோக்கியத்தனமாம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே எரிகிறது.

ஆம்பூரில் சாயபு என்னை நிற்கவைத்து, துரை எழுதிய கடிதத்தை வாசித்தார். இந்தியர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் உறுதியில்லாதவர்கள்; ஆகவே இனி யாரையும் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"இன்னாபா இது பேஜார்?" என்றார் சாயபு. "எட்டு மாசம் நீ ஒழுங்கா வேலை செஞ்சப்பல்லாம் உன் பேரைப் போட்டுத்தான் காயிதம் எழுதுனான். ஒரு பொய் சொன்னதும் இந்தியர்கள்னு எழுதறான் பாரு. மத்த நாலு பேரு இன்னா பாவம் பண்ணாங்க?"

அந்த நாலு பேரும் இன்றும் ஆம்பூரில் என் எதிரே வருகிறார்கள். நான் தெருவின் மறுபக்கம் போகிறேன்.

வீட்டில் எஸ்தரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மியைத் திருப்பிக் கேட்கப் போக வேண்டிய ஆத்திரத்தில் அவள் இரண்டு நாள் பாத்திரங்களை உருட்டினாள். மூன்றாம் நாள் குழம்பை ஊற்றிவிட்டு, "உப்பு சரியா இருக்குதா?" என்றாள்.

"இருக்கே" என்றேன். உப்பே போடாத குழம்பு அது.

"அசல் இங்கிலீஷ் தோல்தான்!" என்றாள் எஸ்தர். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறியது. பத்து வயது கிரேஸும் காரணம் புரியாமல் சிரித்தாள். அன்று முதல் எங்கள் வீட்டில் முகத்துக்கு அஞ்சிச் சொல்கிற எந்தப் பொய்க்கும் இதுதான் பெயர். பாதிரியாரின் பிரசங்கம் நன்றாக இருந்ததா? அசல் இங்கிலீஷ் தோல். நாத்தனாரின் புதுப் புடவை? அசல் இங்கிலீஷ் தோல். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

போன வருஷம் கிரேஸைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்தார்கள். அவள் மிஷன் பள்ளியில் வாத்தியாரம்மா. பிள்ளைகள் என்றால் உயிர். மாப்பிள்ளையின் அப்பா லாங் பஜாரில் பெரிய கடைக்காரர், சபையில் மூப்பர். காலை நீட்டி உட்கார்ந்து, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம். எங்க வூட்டுப் பழக்கம் அது. உங்களுக்குச் சம்மதந்தானே?" என்று என்னைக் கேட்டார். பெரிய இடம். "நீங்க பார்த்துச் சொன்னா சரிதாங்க" என்றேன்.

"இன்னாம்மா, உனக்கும் சந்தோஷம்தானே?" என்று அவர் கிரேஸைக் கேட்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அசல் இங்கிலீஷ் தோல்தாம்பா" என்றாள்.

வந்தவர்கள் ஏதோ தோல் வியாபாரத்துப் புகழ்ச்சி என்று நினைத்து ஆரவாரமாகச் சிரித்தார்கள். எஸ்தர் சமையலறைக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளையின் அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் சபைக் கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்த விவாகத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் மூன்று ஞாயிறும் கேட்டார். மூன்று ஞாயிறும் நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.