கை சுடாத குழாயும் எனக்கு வந்த காய்ச்சலும்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசியோடும் கொஞ்சம் வருத்தத்தோடும் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். இரண்டு நாள் முன்பு நலமில்லை என்று நினைத்தேன், அந்தக் கதை கீழே வருகிறது. நாற்பத்தொரு நாளாக உன் வீட்டில் தங்கியிருக்கும் உன் அக்காவின் முழங்கால் வலியும் இருமலும் எப்படியிருக்கின்றன என்று எழுதவும். அவளாகக் கேட்டால் மட்டும் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைச் சூடாக்க என்று நீ இங்கே பொருத்திக் கொடுத்த அந்த நிலத்தடி இயந்திரத்தை ஆள் அனுப்பிக் கழற்றிக்கொண்டு போகவும். முப்பத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரியில் பாய்லர் ஓட்டியவன் நான். இந்தப் பனி ஊர்க் குளிருக்கென்று என் கையால் செய்து நிலவறையில் நிறுத்திய பாய்லர் புகைகிறது, துவைத்த துணியில் கரி படிகிறது, சூடு மட்டும் வருவதில்லை என்று உன் அக்கா குறை சொன்னாள். "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். நானும் வாய் இருக்கிறதே என்று, அது எங்கேயும் போகாது என்று சொல்லிவிட்டேன். அவள் போய்விட்டாள். பிறகு நீ இந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்னபோது உன் முகத்துக்காகத்தான் சரியென்றேன், வேறு யாருக்காகவும் இல்லை.

நீ அனுப்பிய துளை போடும் மேஸ்திரியம்மா வீட்டுக்குப் பின்னால் நூறு மீட்டருக்குத் துளை போட்டு, போய்த் திரும்பி வருகிற மாதிரி ஒரு குழாயை இறக்கி, தண்ணீரோடு உறையாமல் இருக்க ஏதோ மருந்தும் கலந்து சுற்றவிட்டார். நெருப்பு எங்கேம்மா என்று கேட்டேன். நெருப்பே கிடையாதாம். "அவ்வளவு ஆழத்துல மண்ணு வருஷம் பூரா ஒரே அளவு சூடுதான் சார். வெளியில பனி கொட்டினாலும் அங்க தெரியாது. ஃபிரிட்ஜ் உள்ள இருக்கற சூட்டை இழுத்துப் பின்பக்கம் தள்ளுதில்ல, அதே வேலைதான். மண்ணு ஃபிரிட்ஜோட உள்பக்கம், உங்க வீடு பின்பக்கம்" என்றார். கோடையில் திருப்பிவிட்டால் வீட்டுச் சூட்டை எடுத்து மண்ணுக்குள் தள்ளி வீட்டைக் குளிர வைக்குமாம். மின்சாரம் சூட்டை உண்டாக்குவதற்கு இல்லையாம், அதைச் சுமந்து வருவதற்கு மட்டும்தானாம். பாய்லரோடு வாழ்ந்தவனை இந்த வயதில் கொண்டுபோய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்று நீயே யோசி.

திங்கட்கிழமை இயந்திரத்தை ஓட்டிவிட்டுப் போனார்கள். நான் உடனே குழாயில் உள்ளங்கையை வைத்தேன். எங்கள் தொழிலில் கை வெடுக்கென்று பின்னால் வந்தால் வேலை செய்கிறது, வராவிட்டால் செய்யவில்லை, அவ்வளவுதான். மண்ணிலிருந்து வருகிற குழாய் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. அந்தச் சூட்டை வீட்டுத் தரைக்கடியில் பரப்புகிற குழாயோ குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெதுவெதுப்பு. சரிதான், மைத்துனனை நல்லா ஏமாத்திட்டாங்க என்று முடிவுகட்டி, மூன்று ஸ்வெட்டர், மேலே கோட்டு, காதை மூடிய குல்லா, காலுறைக்கு மேல் காலுறை என்று மாட்டிக்கொண்டு, விறைத்துச் சாகத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை வியர்த்தது. புதன்கிழமை தொப்பலாக நனைந்து, தலை சுற்றி, நாக்கு வறண்டு, இனி பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்து, எதிர்வீட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டு உன் அக்காவிடம் சொல்லவேண்டிய கடைசி வார்த்தையைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அது என்னவென்று உனக்கு வேண்டாம். அந்தம்மா எழுதிக்கொண்டு, என் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, தன் சால்வையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குக் காய்ச்சல் இல்ல. வீடுதான் சூடா இருக்கு. முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க." அதோடு விட்டாரா? செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து என் தரையில் வெறுங்காலோடு அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார். இன்று காலையில் தன் மாமியாரையும் கூட்டி வந்துவிட்டார்.

இருந்தாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. சத்தமில்லாமல், புகையில்லாமல், கையையும் சுடாமல் வருகிற சூட்டை நான் எப்படி நம்புவது? ஆகையால் ஸ்வெட்டரை நான் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டேன். என் பாய்லர் இருந்த இடத்திலேயே இருக்கும். நீ இயந்திரத்தை எடுத்துவிடு. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. எல்லோரும் கதகதப்பாக இருக்கவும்.

இப்படிக்கு,
யாரையும் எதிர்பார்க்காத,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இதை எழுதுவது உன் அக்கா. கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டு நேராக பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அத்தான் பனியனோடு இந்தக் கடிதத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்குகிறார். மூன்று ஸ்வெட்டரும் கொடியில் காய்கின்றன. காலையில் நர்ஸம்மா எனக்குப் போன் செய்து அந்தக் கடைசி வார்த்தையைப் படித்துக் காட்டினாள். ஒரே வரிதான்: "பாய்லர் போகட்டும், அவ இருக்கட்டும்." ஆகையால் இயந்திரத்தை எடுக்க ஆள் அனுப்பாதே, பாய்லரை எடுக்க அனுப்பு. வருகிறவர்களிடம் என் பெட்டியையும் கொடுத்துவிடு. கம்பளிப் போர்வை வேண்டாம்.