கசக்காத பாகற்காய் சர்பத்

செல்லூர், மதுரை.

மரியாதைக்குரிய மச்சான் உபைதுல்லா அவர்களுக்கு, உங்கள் தங்கை மாப்பிள்ளை நாகூர் கனி ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே நானும் சுல்தான் பீவியும் சர்பத் கடையும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைய துஆ செய்கிறோம். வாட்ஸ்அப்பில் சொல்லி அடங்காத சந்தோஷம் என்பதால் காகிதம் எடுத்தேன். நம்ம சுஃபியாவுக்கு நீங்கள் சென்னையில் சொல்லி வைத்திருக்கும் பிஸ்கட் கம்பெனி வேலைக்கு அவள் வரமாட்டாள் என்று இன்றே சொல்லிவிடுங்கள். மகள் ஜெயித்துவிட்டாள் மச்சான்.

பாகற்காய்ச் சத்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள் அடைத்து நன்னாரி சர்பத்தில் கலப்பதுதான் அவள் ஆராய்ச்சி. சூரியகாந்தி எண்ணெய்க் கொழுப்புதான். ஹலாலா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். உருண்டை வயிற்றுக்குள் போய்த்தான் உடையுமாம், நாக்குக்குக் கசப்பே தெரியாதாம். கே.கே. நகரில் நாலு ஜூஸ் கடை வைத்திருக்கும் பாண்டியராஜன் குடித்துப் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டால் செல்லூரிலேயே தொழில், இல்லையென்றால் சென்னைக்கு ரயில் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

பாட்டில்களை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அடுக்கி, ஃப்ரீசர் பக்கம் கொண்டுபோயிராதீங்க அத்தா என்று சொல்லிவிட்டுத்தான், அவர் வருகிற அன்றைக்குச் சுஃபியா வெளியே போனாள். நான் சர்பத் கடையிலேயே தலை நரைத்தவன், மனுசன் வெயில்ல வாராரு, சில்லுன்னு குடுக்காட்டி நம்ம மானம் என்னாவதுன்னு கொள்ற மட்டுக்கும் தூக்கி ஃப்ரீசர்ல வச்சுட்டேன். கல்லா உறைஞ்சிருச்சு. பதறிப்போய் மொட்டைமாடி வெயில்ல வச்சு உருக்கினா, மேலே எண்ணெயா மிதக்குது. கலக்கினாச் சரியாப்போகும்னு நல்லா ஆத்தி, சப்ஜா விதையெல்லாம் போட்டு நீட்டிட்டேன். பாண்டியராஜன் ஒரு மடக்கு குடிச்சாரு பாருங்க, மூஞ்சி போன போக்கைச் சொல்லி மாளாது. உங்க தங்கச்சி சொம்புத் தண்ணியோட ஓடியாரா. எம்பிள்ளை பொழப்பை எங்கையாலேயே கெடுத்துட்டேனேன்னு எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு மச்சான்.

அதற்குள் திரும்பி வந்துவிட்ட சுஃபியா அசரவில்லை. ஃப்ரீசரில் இடமில்லாமல் கீழேயே தங்கிவிட்ட பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, இது வெறும் நன்னாரிதானே, பாகற்காயையே காணோமே என்று மடக்கினார்.

"ரெண்டும் ஒரே பாத்திரத்துல எடுத்ததுண்ணே. அதுல உருண்டை ஒடஞ்சிருச்சு, இதுல ஒடையல. முன்னாடி குடிச்சீங்கள்ல, அந்தக் கசப்பு அம்புட்டும் இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள்.

மனிதர் இரண்டு டம்ளரையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தார். கடைசியில் நாலு கடைக்கும் அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் பைக்கை எடுத்தார். நான் கெடுக்காமல் இருந்திருந்தால் இவள் எப்படி நிரூபித்திருப்பாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வீட்டில் மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஸலாம். ரப்பு உங்களுக்குச் சுகத்தையும் பரக்கத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
நாகூர் கனி

பின்குறிப்பு: கம்பெனியில் எதுவும் சொல்லிவிடாதீர்கள். கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பாண்டியராஜன் போன் செய்தார். அவர் கடையில் நம்ம சர்பத்தைக் குடித்துப் பார்த்த காலை வாக்கிங்காரர்கள் கசக்காததை மருந்து என்று நம்ப மாட்டேன் என்கிறார்களாம்; நான் ஃப்ரீசரில் வைத்துக் கெடுத்த சரக்குதான் நாலு கடைக்கும் வேண்டுமாம். சுஃபியாவிடம் சொன்னேன். "அதுக்கு நான் எதுக்கு அத்தா? அந்த வேலையில உங்களை மிஞ்ச ஆளே இல்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியில் துணி அடுக்குகிறாள்.