முழக்கோலார் பங்கருக்குள் குந்தியிருந்த நாள்

எனக்கு வயது எண்பத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஐந்து பேரும் சேர்ந்து தந்த களைப்பைவிட, எங்கள் ஊர் நீர்வேலியில் முழக்கோலார் என்ற ஒரே மனிதர் தந்த களைப்பு அதிகம். இப்போது நினைத்தாலும் கதிரையில் சாய வேண்டும் போல இருக்கிறது.

அவர் முந்தி மேசன். கொந்தராத்துக்காரர் ஒருவர், ஏறி நிற்கிற மரச்சாரத்தை இறுக்கிக் கட்டாமல் அவரை ஏற்றிவிட, மேல்மாடிச் சுவரிலிருந்து விழுந்தார். கால்களில் பாதிப் பலம் போய்விட்டது. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். வலது ஊன்றுகோலோடு, மேசன்மார் அளக்கிற முழக்கோலையும் சேர்த்துக் கட்டியிருப்பார். அதனால் அந்தப் பட்டம். சொந்தப் பெயரை நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

எந்தக் கடைக்குப் போனாலும் சாமான் கேட்க மாட்டார். முதலில் படியை அளப்பார். சலூன் படியை அளந்தார். தபால் கந்தோர்ப் படியை அளந்தார். ஒரு கலியாண வீட்டில், தோழன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவக் குனிந்த நேரம், நடுவில் புகுந்து வாசற்படியை அளந்தார். தான் ஏற முடியாத உயரமாக இருந்தால் படியில் கரித்துண்டால் ஒரு கோடு. ஊரில் கோடு விழாத படி இல்லை.

நான் வேலை செய்த கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மூன்று படி. மூன்றிலும் கோடு. மனேச்சர் மொத்தமான மனிதர், மெல்லத்தான் கதைப்பார்.

"வெளியிலை நிண்டு கேளுங்கோ அண்ணை. கொண்டுவந்து தருவினம்."

"நான் என்ன பிச்சைக்கே வந்தனான்? உள்ளுக்கு வந்து, அரிசியைக் கையாலை அள்ளிப் பாத்து, கல்லுக் கிடக்கு எண்டு உங்களைப் பேசிப்போட்டுத்தான் வாங்குவன்."

"சண்டையாலை சீமெந்துக்குத் தடை அண்ணை. படியிலை சரிவு கட்ட ஏலாது."

"படி கட்டேக்கை தடை இருந்ததோ?"

கிழமைக்குக் கிழமை இதே கதை. நான் அரிசி நிறுத்துக்கொண்டே கொட்டாவி விடுவேன்.

பிறகு குண்டு போடுகிற பொம்மர் விமானம் வரத் தொடங்கியது. கடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பங்கர்க் குழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டார்கள். வாய் ஒடுக்கம். இறங்குவதற்கு மண்ணிலேயே செங்குத்தாக நாலு படி.

அடுத்த நாளே முழக்கோலார் வந்துவிட்டார். முழக்கோலை விட்டு அளந்தார். "மனேச்சர், பொம்மர் வந்தாப் பிறகு பழகேலாது. இப்பவே ஓடிக் காட்டுங்கோ" என்று தகரத்தில் அடித்தார்.

விளையாட்டு என்று தெரிந்தும் வேலைக்காரர் எல்லோரும் ஓடினார்கள். மனேச்சர் பங்கர் வாயில் இறுகிப்போய் நின்றார். இரண்டு பேர் பிடித்துத் தள்ளினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மேலே நின்றபடி.

முழக்கோலார் சிரிக்கவில்லை. "அக்கா ஏன் இறங்கேல்லை?"

"எனக்கு அவசரமில்லை."

"அக்காவுக்கு முழங்கால் மடங்காது. சாக்கிலை இருந்துகொண்டு நிறுக்கேக்கை நான் வாசல்லை நிண்டு கண்டனான்."

இரண்டு வருடம் ஒளித்து வைத்திருந்த முழங்கால் அது. என் மனிசன் செத்தபிறகு அந்தச் சம்பளத்தில்தான் ஐந்து பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். மனேச்சர் மண்ணைத் தட்டிக்கொண்டு, இரக்கத்தோடுதான் சொன்னார்: "அப்ப நாளையிலை இருந்து வீட்டிலை நில்லுங்கோ அக்கா. உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான்தானே பதில் சொல்லவேணும்."

முழக்கோலாரை அவருடைய முழக்கோலாலேயே அடித்திருப்பேன்.

அவர் மனேச்சரைப் பார்த்தார். "ஆளை வேலையாலை நிப்பாட்டுறது சுகமோ, மண்ணைச் சரிக்கிறது சுகமோ?"

"பாப்பம் அண்ணை."

எங்கள் பக்கத்தில் 'பாப்பம்' என்று சொன்னவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. அது முழக்கோலாருக்கும் தெரியும். ஊன்றுகோல்களை உள்ளே எறிந்தார். பங்கர் வாயில் குந்தினார். சறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஐயோ, ஏறுங்கோ அண்ணை!"

"எப்பிடி ஏறுறது? நீங்கள் வெட்டின படி. நீங்களே சொல்லுங்கோ."

அந்த ஒடுக்க வாயில் ஒருவர்தான் குனிந்து கை கொடுக்கலாம். கொடுத்த கையையெல்லாம் முழக்கோலால் தட்டிவிட்டார். ஒரு மணித்தியாலம் போனது. உள்ளேயிருந்து தேத்தண்ணி கேட்டார். குடித்துவிட்டுச் சீனி காணாது என்றார். சாமான் வாங்க வந்த சனம் கடையை விட்டுப் பங்கரைச் சுற்றி நின்றது.

மனேச்சர் குனிந்து கேட்டார்: "அண்ணை, உதுக்குள்ளை நீங்கள் குந்தியிருந்தால், பொம்மர் வந்தால் நாங்கள் எங்கை போறது?"

"நான் எங்கை போறது எண்டு இவ்வளவு நாளும் நான் தனியத்தானே யோசிச்சனான். இப்ப நீங்களும் யோசியுங்கோ."

படியைச் சரிக்க மனேச்சர் மண்வெட்டி எடுக்கச் சொன்னார். மனிதரை வெளியே எடுக்க வேறு வழி இல்லை. முழக்கோலார் உள்ளேயிருந்தே மேசன் வேலை நடத்தினார். "இன்னும் நீட்டிச் சரி. அக்கா பிடிக்கிறதுக்கு ஒரு கம்பு நடு." வெட்டின மண்ணை எங்கே கொட்டுவது என்று கேட்டார்கள். "கடை முன்படியிலை கொட்டுங்கோ."

பின்னேரம் ஊன்றுகோலை ஊன்றி, மாப்பிள்ளை போல மேலே வந்தார். "அக்கா, ஒருக்கா இறங்கிக் காட்டுங்கோ" என்றார். நான் அவரை முறைத்தேன். ஆனால் இறங்கிக் காட்டினேன். வேலை போகவில்லை. மறுநாள் அவர் முன்பக்க மண்சரிவில் ஏறிக் கடைக்குள் வந்தார். அரிசியை அள்ளிப் பார்த்தார். "கல்லுக் கிடக்கு" என்றார்.

என் முழங்காலை ஊரறியச் சொன்னதற்காக இரண்டு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. கதைத்தது, பொம்மர் எங்கள் கடைப் பக்கமே வந்த நாளில். முதல் குண்டு வாழைத்தோட்டப் பக்கம் விழுந்தது. கம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினேன். எனக்குப் பின்னால் மனேச்சர், கைக்குழந்தையோடு ஒரு பெண். முழக்கோலாரை மட்டும் காணவில்லை. எட்டிப் பார்த்தால், சரிவில் நின்று அளக்கிறார்.

"உள்ளுக்கு வாரும், விசர் மனிசன்!"

"மழைக்கு மண் அரிச்சிருக்கு அக்கா. நாளைக்கு நிரவவேணும்."

சண்டையால் எங்கள் வலிகாமப் பகுதி முழுதும் இடம்பெயர்ந்தபோது சனத்துக்குள் அவரைத் தவறவிட்டேன். பிறகு காணவில்லை. திரும்பி வந்தபோது சங்கக்கடை இடிந்து கிடந்தது. முன்பக்க மண்சரிவு மட்டும் புல் முளைத்து அப்படியே இருந்தது. உள்ளே போகக் கடை இல்லை என்று தெரிந்தும், அதில் ஒருக்கால் ஏறி இறங்கினேன்.

பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது சரியோ எண்டு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. முழக்கோலார் வாற இடங்களிலை மட்டும் கொஞ்சம் நிண்டு நிண்டு வாசி. அந்த மனிசன் வந்து சேர நேரம் எடுக்கும்.