தாசன் அண்ணையைக் கட்டிப்பிடித்த காட்சி

நான் கதாநாயகனாக நடித்த படம் ஒன்று இன்னமும் யூடியூபில் கிடக்கிறது. அதன் கீழே சனங்கள் எழுதியிருக்கும் கருத்துகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். செபமாலைகூட எனக்கு அவ்வளவு தட்டுத்தடங்கல் இல்லாமல் வராது. படம் குப்பை என்று நாலு பேர் எழுதியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். அப்படி ஒருவருமே எழுதவில்லை. அதுதான் என் கவலை.

படத்தின் பெயர் 'இரத்தக்கரை'. பேசாலைக் கடற்கரையை ஆட்டிப்படைக்கும் ஒரு கடத்தல் கும்பலை, ஒரு கராத்தே வீரன் வெறுங்கையால் அடித்து நொறுக்குவதுதான் கதை. வீரன் நான். (போஸ்டரைப் பார்த்த, ரியூட்டரியில் தமிழ் படிப்பிக்கும் சேர், "தம்பி, 'கறை' எண்டெல்லோ வரவேணும்" என்றார். இது கடற்கரைக் கரை என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் நொந்தது.)

கலைத்தாகத்தில் நான் படம் எடுக்கவில்லை. றெஜினாவின் தாய்க்காக எடுத்தேன்.

எங்கள் ஊரில் தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடுவோம். அந்த வருடம் யூதாஸ் வேடம் எனக்கு விழுந்தது. கிடைத்ததைச் செய்துவிட்டுப் போகாமல், அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்று மாதக்கணக்கில் பழகினேன். யேசுவைக் கன்னத்தில் முத்தம் கொடுத்துக் கொஞ்சிக் காட்டிக்கொடுக்கும் இடத்தில், சேவகர்கள் பக்கம் திரும்பி ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தேன். (ஒருவரும் சொல்லித் தரவில்லை. சொந்தச் சரக்கு.) முன்வரிசையில் இருந்த பிலோமினா மாமி, அதாவது றெஜினாவின் தாய், அந்தச் சிரிப்பைக் கண்டுவிட்டார்.

நானும் றெஜினாவும் விரும்புவது இரண்டு வீட்டுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். நாடகம் முடிந்த கையோடு என் அம்மா மெல்லப் பேச்சை எடுத்தார். மாமி சொன்ன பதில் அன்று பின்னேரத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் ஒழுங்கைக்கும் போய்விட்டது.

"உவன்ரை சிரிப்பு நடிப்பில்லை. யூதாசுக்கு நான் பிள்ளையைக் குடுக்கமாட்டன்."

அதோடு ஊருக்கே நான் யூதாஸ் ஆகிவிட்டேன். மீனுக்கு ஐஸ் வாங்கப் போனால் "யூதாசுக்கு முதல்லை குடுத்து அனுப்பு" என்பார்கள். இதற்குள் மன்னார் டவுனில் அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் பார்த்த ஒருவனை மாமி றெஜினாவுக்குப் பேசத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் இருந்தால் கடற்கரைக்குப் போவேன், போனால் ஏன் வந்தேன் என்று திரும்புவேன். அந்தச் சிரிப்பை ஊர் மறக்க வேண்டுமென்றால் ஊரைக் காப்பாற்றும் வீரனாக நான் ஒருமுறை தெரிய வேண்டும் என்று அப்போதுதான் மண்டையில் பட்டது.

கூட்டாளி அன்ரன் கலியாண வீடியோ எடுப்பவன், கராத்தேயும் அரைகுறையாகப் பழகியவன். ஆகவே கமராவும் அவன்தான், சண்டைப் பயிற்சியும் அவன்தான். கும்பல் தலைவனுக்குத் தாடியும் நீண்ட தலைமயிரும் உள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. ஊரில் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார், தாசன் அண்ணை. கிழிந்த வலை பொத்துகிற மனுசன், பூனையைக்கூட அதட்டமாட்டார். அவருக்கு எதற்கு அந்தத் தாடி என்று நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் யோசித்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. நாடகத்தில் யேசுவாக நடிக்க வளர்த்த தாடி அது. உயிர்ப்பு ஞாயிறு முடிந்து தாடியை எடுக்கப் போனவரைச் சலூன் வாசலில் மறித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கடத்தல்காரன் ஆக்கினோம்.

சண்டையெல்லாம் கடற்கரையில் கருவாடு காயப்போடும் வாடியில் எடுத்தோம். அடியாட்கள் நாலே பேர். அடிவாங்கி விழுந்தவன் மறைவில் போய்ச் சேர்ட்டை மாற்றிக்கொண்டு மறுபடியும் அடிவாங்க வருவான். நான் பறந்து உதைக்கும் காட்சிக்கு மீன்பெட்டிகளை அடுக்கி, மேலே நின்று குதித்தேன். (பறந்தது அவ்வளவுதான். மிச்சம் கருவாட்டுக்கு மேலே.) குத்துச் சத்தத்துக்கு அன்ரன் ஒரு பச்சைத் திருக்கை மீனைச் சீமெந்துத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்துப் பதிவு செய்தான். அந்தத் திருக்கையைப் பிறகு கறி வைத்தும் சாப்பிட்டோம்.

கதையும் நான்தான் எழுதினேன். வீரன் நல்லபிள்ளை வேடம் போட்டுக் கும்பலுக்குள் சேர்வான். தலைவனோடு ஒரே மேசையில் சாப்பிடுவான். பிறகு அவனைக் கட்டிப்பிடித்து, இடுப்பிலிருந்த துவக்கை உருவி, பொலிசுக்குச் சைகை காட்டுவான். இதை எழுதும்போது என் மூளை எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பங்கு மண்டபத்தில் படம் போட்டோம். யன்னல்களைத் தார்ப்பாய்ப் படங்கால் மறைத்து, வெள்ளைத் துணி கட்டியாயிற்று. கதிரைகள் போதாமல் சனம் நிலத்திலும் இருந்தது. "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறது என்ரை பொறுப்பு. மனசை மாத்துறது உங்கடை பொறுப்பு" என்று றெஜினா சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னபடியே மாமியை முன்வரிசையில் கொண்டுவந்து இருத்தினாள். நான் கதவடியில் நின்றேன், வெளியே போனேன், உள்ளே வந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் வெளியே போனேன். மாமியின் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. சண்டை வந்தபோது பின்னால் ஒருவர் "உது திருக்கைச் சத்தம்" என்று சரியாகப் பிடித்துவிட்டார். பிறகு ஒவ்வொரு குத்துக்கும் சனம் "திருக்கை, திருக்கை" என்று சொல்லிச் சிரித்தது. பரவாயில்லை, மாமியும் சிரித்தார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது.

தாசன் அண்ணை திரையில் வந்தார். திருக்கைச் சிரிப்பு நின்றுபோனது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு மூன்று கிழவிகள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவரும் நானும் ஒரே மேசையில் பாண் பிய்த்துச் சாப்பிட்டபோது எங்கோ ஒரு பெண் பெருமூச்சு விட்டது கேட்டது. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அதற்கு அடுத்த காட்சியில் நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, புன்சிரிப்போடு, அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அதே சிரிப்பு. எனக்கு வேறு சிரிப்பு வராது.

மாமி எழும்பிவிட்டார்.

"தாசன், உவனை நம்பாதை ராசா. முந்தியும் உப்பிடித்தான் வந்தவன்."

மண்டபம் முழுக்க எழும்பியது. திரையில் பொலிசார் ஓடிவந்தார்கள், சனம் "ஐயோ" என்று தலையில் கைவைத்தது. நாங்களோ அதோடு விட்டோமா? கடைசிச் சண்டையில் தாசன் அண்ணையை வாடிக் கம்பத்தில் கட்டிவைத்து, நான் கயிற்றால் அடிப்பதாக எடுத்திருந்தோம். ஒரு கிழவி முழங்காலில் நின்று அழத் தொடங்கினார். பின்னாலிருந்து ஒரு செருப்புப் பறந்துபோய்த் திரையில் என் முகத்தில் விழுந்தது. கதவடியில் நின்ற நான் குனிந்தேன்.

படம் முடிந்ததும் மாமி என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். பின்னால் போன றெஜினாவின் கண் கலங்கியிருந்தது. முடிந்தது, றெஜினா இனி அந்த டவுன்காரனுக்குத்தான் என்று நினைத்தேன். பாதர் வந்து தோளில் தட்டி, இதைத் தவக்காலத்துப் பெரிய கிழமைக்கு மட்டும் போட வேண்டாம் என்றார். ஆறுதல் சொல்ல வந்த தாசன் அண்ணை, "தம்பி, நான் உன்னை ஒண்டும் நினைக்கேல்லை, மன்னிச்சிட்டன்" என்றார். அந்தத் தாடியோடு அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அன்ரன் படத்தை யூடியூபில் ஏற்றினான். வெளியூர்ச் சனமாவது நியாயம் சொல்லும் என்ற நப்பாசையில் போனை விடாமல் நோண்டிக்கொண்டிருந்தேன். வெளியூரிலும் எங்கள் சனம்தான் இருந்தது. கனடாவிலிருந்து ஒரு சித்தி: 'தாசனுக்கு அடிச்ச கை விளங்காது.' ஜெர்மனியிலிருந்து ஒருவர்: 'யூதாஸ் ஒரு தரம் செஞ்சது காணாதோ.' இவற்றுக்கு நடுவில் முன்பின் தெரியாத ஒருவர், 'ஐயா, நான் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். கடத்தல்காரனுக்காக எல்லோரும் ஏன் அழுகிறீர்கள்?' என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதத் தொடங்கி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது றெஜினாதான். அவள் தாசன் அண்ணையிடம் போய், எங்களுக்காகத் தாயோடு ஒரு சொல்லுக் கதைக்கச் சொன்னாள். தாடியை எடுத்துவிட்டு வருகிறேன் என்றாராம் அந்த மனுசன். வேண்டாம், அப்படியே வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் வாசலில் நின்று, "அக்கா, அவன் நல்ல பொடியன். எனக்காகப் பிள்ளையைக் குடுங்கோ" என்றார். அடி வாங்கியவரே வந்து கேட்கிறார். மாமி முதலில் அந்தத் தாடியைத்தான் பார்த்தாராம். பிறகு, "நீர் வந்து கேட்டால் நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போட எழும்பினாராம்.

கலியாணம் நடந்தது. பூசை முடிந்து எல்லோரும் ஒருவரையொருவர் கொஞ்சி வாழ்த்தும்போது, நானும் மாமியின் கன்னத்துக்குக் கிட்டப் போனேன். அவர் ஓரடி பின்னால் வைத்துக் கையை நீட்டினார். நானும் கையைக் குலுக்கினேன். அது அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒவ்வொரு நத்தாருக்கும், யேசு பிறந்த பூசை முடிந்ததும், மாமி எல்லோரையும் கொஞ்சுவார், அன்ரனைக்கூட. எனக்கு மட்டும் கை. போன நத்தாருக்கு என் மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்பாவும் பாவம், கன்னத்தைக் குடுங்கோ அம்மம்மா என்று பிடிவாதம் பிடித்தாள். வீடே சிரித்தது. மாமி சிரிக்கவில்லை.

"வாசல்லை பொலிஸ் நிக்குதோ எண்டு பாத்திட்டு வா பிள்ளை" என்றார்.

மகள் ஓடிப்போய் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, ஒருவரும் இல்லை என்றாள். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவர் கையை நீட்டினார்.