ஏழாம் பக்கத்தில் வந்த என் மகன் குறித்து

மறைமாவட்ட வார இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அயோவா மாநிலம் வெஸ்லிங் ஊரிலிருந்து லாரன்ஸ் டீலன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். பனி மட்டும் முழங்கால் வரை நிற்கிறது. தங்களுக்கும் அச்சுக்கூடத்தில் இருப்பவர்களுக்கும் தவக்காலம் நல்லபடியாகப் போகும் என்று நம்புகிறேன். தானியக் கிடங்கில் எடை போடுகிற நான் இருபத்தாறு வருடமாக உங்கள் வாசகன். இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதும்படி நீங்களும் எதுவும் போட்டதில்லை.

ஜனவரி கடைசி இதழில், ஏழாம் பக்கத்தில், ‘பேசாத தேவதைக்காகப் பேசும் பெண்’ என்று போட்டிருந்தீர்கள். எங்கள் பங்குக் கோவில் மண்டபத்தில் பான்கேக் விருந்தன்று என் மகள் கோலெட் கருக்கலைப்பை எதிர்த்துப் பேசியதைப் பற்றிய செய்தி அது. அவளைப் பற்றி நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. பதினேழு வயதில் அவள் எழுந்து நின்றால் இருநூறு பேர் கையில் இருக்கும் முள்கரண்டியைக் கீழே வைக்கிறார்கள். என் குறை என் மகன் ரூடியைப் பற்றியது. அவனை ‘அவளுடைய சின்னத் தம்பி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் அவளுக்கு அண்ணன். இருபத்திரண்டு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன் என்பது சரி. ‘என்றும் குழந்தை’ என்பது சரியில்லை, ஏனென்றால் எந்தக் குழந்தையும் தினமும் காலையில் முகம் மழிக்க நாற்பது நிமிடம் குளியலறையைப் பூட்டிக்கொள்வதில்லை. ‘பேசாத’ என்று எழுதியவரை எந்த நாளானாலும் இரவுச் சாப்பாட்டுக்கு அழைக்கிறேன். வந்தால் அவருக்குப் பேச இடம் கிடைக்காது.

கோலெட் இந்த வழிக்கு வந்த கதையை நீங்கள் சுருக்கிவிட்டீர்கள், ஆகவே சொல்கிறேன். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது என் மனைவி மார்லிஸ் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். பணம் கட்டும் வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி ரூடியைப் பார்த்துவிட்டுத் தோழியிடம், “இந்தக் காலத்துலதான் பொறக்கறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்துத் தெரிஞ்சுக்கலாமே” என்றாள். காரில் ஏறியதும் கோலெட், “அது என்னம்மா டெஸ்ட்?” என்று கேட்டாள். மார்லிஸ் பொய் சொல்லத் தெரியாதவள். சொல்லிவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து அழுத அழுகையில் குழந்தைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. மறுநாள் ஆளுநருக்கு எழுதுவதாகச் சொல்லி மூன்று பக்கம் எழுதினாள். அன்றிலிருந்து எட்டு வருடமாக அவளுடைய எல்லாப் பேச்சும் அந்த வரிசையில்தான் தொடங்குகிறது.

சரி, உங்கள் செய்தி வந்தது, அதோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று. ரூடி மளிகைக் கடையில் வேலை செய்கிறான். குளிர்பதன அறையின் சாவி அவனிடம்தான் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை உங்கள் வாசகர் ஒருவர், நல்ல அம்மாள்தான், அவன் தலையைத் தடவிவிட்டு அவன் கோட்டுப் பொத்தானில் ஒரு பலூனைக் கட்டிவிட்டுப் போனார். இன்னொருவர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “இவன் மிட்டாய் சாப்பிடுவானா?” என்று கேட்டார். இது போதாதென்று, அவனோடு வாரம் தவறாமல், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆட வரும் டீனா என்ற பெண் போன் செய்து, “எங்கம்மா பேப்பர் படிச்சாங்க. குழந்தகூட என்னடி பௌலிங்னு கேக்கறாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோலெட் சோபாவுக்குப் பின்னால் வைத்திருந்த தன் அட்டைப் பலகையை எடுத்தாள். கூட்டங்களில் விரித்து வைப்பதற்காக ரூடியின் படங்களை ஒட்டி அவளே செய்தது. ஆறு படங்களிலும் ரூடி இல்லை. சமையலறைக் கத்தரியால் தன்னை மட்டும், தொப்பி விளிம்பு விடாமல், நேர்த்தியாக வெட்டி எடுத்திருந்தான். பலகையில் ரூடி வடிவத்தில் ஆறு ஓட்டைகள்.

“என்னண்ணா பண்ணி வெச்சிருக்க? வெள்ளிக்கிழமை நான் பேசப் போகணும்.”

“போ. உன் போட்டோவ ஒட்டிக்கோ.”

“உனக்காகத்தானே பேசறேன்?”

“நான் கேட்டனா?”

“ரெண்டு பேரும் சாப்பிடுங்க, முட்ட ஆறுது” என்றாள் மார்லிஸ்.

கோலெட் தட்டைத் தள்ளிவைத்தாள். “அன்னிக்குக் கடையில அந்தப் பொம்பள என்ன சொன்னான்னு உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இப்படிப் பேசமாட்ட.”

ரூடி ரொட்டியின் ஓரம் வரை வெண்ணெய் தடவி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். “தெரியும். நான் உனக்கு முன்னாடி நின்னேன். பச்சக் கோட்டு போட்டிருந்தா. டெஸ்ட் எடுத்திருக்கலாம்னா. அவ சொன்னது என்னப் பத்தி. வீட்டுக்கு வந்து அழுதது நீ. எல்லாரும் உன்னச் சுத்தி உக்காந்துக்கிட்டாங்க. என்ன ஒருத்தரும் கேக்கல.”

மார்லிஸ் அடுப்பை அணைத்தாள். நான் வெளியே போய், காலையிலேயே அள்ளிப் போட்ட பனியை இன்னொரு முறை அள்ளினேன்.

வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர்ப் பங்கில் தவக்கால மீன் விருந்து. கோலெட் வர மறுப்பாள் என்று நினைத்தேன். அந்த ஓட்டைப் பலகையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். மண்டபத்தில் அதை விரித்து வைத்து இப்படித்தான் தொடங்கினாள்:

“இந்த ஓட்டையெல்லாம் எங்கண்ணன். அவர் வரமாட்டேன்னுட்டார். எட்டு வருஷமா அவருக்கு நடந்தத எனக்கு நடந்ததா சொல்லிக்கிட்டிருந்தேன். என் எண்ணம் மாறல. அடுத்த ஜனவரியும் கருக்கலைப்ப எதிர்க்கற ஊர்வலத்துக்கு பஸ் ஏறுவேன். ஆனா ஒண்ணு கேக்கணும். எங்கண்ணன் வேலை கேட்டு மூணு இடம் ஏறி எறங்குனார். அந்த மூணு பேரும் இங்கதான் மீன் சாப்பிட்டுக்கிட்டிருக்கீங்க. அவருக்காக ஜெபிக்கிறோம்னு சொல்லி அனுப்புனீங்க. வேல குடுத்தது மளிகைக் கட ஹாட்டி வோஸ். அவங்க வீட்டு வாசல்ல நமக்கு எதிரா, கருக்கலைப்பு பெண்ணோட உரிமைன்னு பலகை நிக்குது, உங்களுக்கே தெரியும். அதுக்கு நாம என்ன பதில் சொல்றது? எனக்குத் தெரியல.”

கோஸ் சாலட் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். வெளியே வரும்போது, இந்தக் கூட்டங்களை நடத்தும் கருக்கலைப்பு எதிர்ப்புக் குழுவின் தலைவி கோலெட்டின் தோளை அணைத்துக்கொண்டு, “நல்லாத்தான் பேசுன கண்ணு. அடுத்த தடவ அந்தப் பழைய பேச்சையே பேசிடு” என்றார். அடுத்த தடவைக்கு வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டதாக நேற்றுத் தகவல் வந்தது. குறைமாதத்தில் பிறந்தவளாம், நன்றாக அழுவாளாம்.

திரும்பும் வழியில் கோலெட், “அன்னிக்கு அண்ணன நீங்க கேட்டிருக்கலாமேப்பா” என்றாள்.

“அவனுக்குப் புரியலன்னு நெனச்சேம்மா.”

அவள் கையை நீட்டி ரேடியோவைப் போட்டாள்.

வீட்டில் ரூடி கதவைத் திறந்து, “மீன் கொண்டாந்தியா?” என்று கேட்டான். கொண்டுவந்திருந்தாள். இருவரும் நின்றபடியே ஆறிப்போன மீனைத் தின்றார்கள். பிறகு அவன் தன் அறைக்குப் போய், வெட்டி எடுத்த ஆறில் ஒன்றை, வேலை உடுப்போடு நிற்பதை, கொண்டுவந்து கொடுத்தான். “இத வேணா ஒட்டிக்கோ. கீழ என் பேரப் போடு. வேலையையும் போடு.”

ஆகவே ஆசிரியர் அவர்களே, ரூடி டீலன் தம்பி அல்ல அண்ணன், குழந்தை அல்ல ஊழியர், பேசாதவர் அல்ல என்று அதே ஏழாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவன் மனதில் இருப்பதை அவனால் இவ்வளவு கோர்வையாக எழுத முடியாது என்பதால் தகப்பனாகிய நான் எழுதும்படி ஆயிற்று. தங்கள் குடும்பத்தாருக்கும், அந்தச் செய்தியை எழுதியவருக்கும்கூட, ஆண்டவர் நல்ல சுகத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள வாசகன்,
லாரன்ஸ் டீலன்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் கடிதத்தை ரூடிக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டான். “நல்லா எழுதியிருக்கீங்கப்பா. ஆனா இதுலயும் எனக்குப் பதிலா நீங்கதானே பேசறீங்க” என்றான். ஆகவே தயவுசெய்து இதை வெளியிட வேண்டாம். வியாழக்கிழமை அவனுக்கு விடுமுறை. காலை பஸ்ஸில் தங்கள் அலுவலகத்துக்கு அவனே வருகிறான். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டான். பதினொன்றரை மணிக்குத் தாங்கள் நாற்காலியில் இருக்க வேண்டுமாம். வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாமாம்.